அறுபதுக்கு மேல் வேலைக்குப் போக ஒரு கைகாட்டி

முதல் வேலையாக, உங்களுக்கு உண்மையிலேயே அறுபது ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். திருத்தணி அருகே கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒருவருக்குக் குறைந்தது மூன்று வயது உண்டு. ஆதாரில் இருப்பது ஒன்று. அதன்படி உங்கள் வயதுக்காரர்களில் பலர் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் இருப்பது இரண்டாவது. ஒண்ணாம் வகுப்பில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்லி, மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்தாரே, அது. மூன்றாவது, அம்மா சொன்னது: "நேரு செத்தப்போ நீ கைக்கொழந்தடா." மூன்றும் ஒத்துப்போகாது. எது குறைவோ அதைச் சொல்லிப் பழகுங்கள்.

அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. தமிழ்நாட்டு விதிப்படி பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் வேலையில் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் யாருக்கு அந்தக் கவலை? மே, ஜூன் மாதக் கடைசித் தேதிகளில் ஆபீஸ் ஆபீஸாகப் பிரிவுபசார விழா நடப்பதற்கு, என்றோ கண்மூடிப்போன தலைமை ஆசிரியர்களின் பேனாவையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

எந்த மாநிலத்தில் கிழவனாவது?

அடுத்தது இடத்தேர்வு. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60. அதே ஆள் திருத்தணியிலிருந்து பஸ் ஏறி நகரியில் போய் இறங்கினால் அவருக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் இருக்கும். ஆந்திராவில் 2022 ஜனவரியிலிருந்து 62. கேரளத்தில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவரானால் 56லேயே மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 என்று அரசியல் சட்டம் சொல்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் வருடக்கணக்கில் போராடி, சிறைக்கும் போய், மலையோடு சேர்த்து இந்த மண்ணைத் தமிழ்நாட்டுக்கு வாங்கித் தந்தார்கள். அதனால் கே.ஜி.கண்டிகை அரசு ஊழியருக்கு இரண்டு வருடச் சம்பளம் நஷ்டம் என்று இப்போது டீக்கடையில் யாராவது கணக்குப் போட்டால், அவரிடம் 1983ஐ நினைவுபடுத்துங்கள். அந்த வருடம் ஜனவரியில் ஆந்திர முதலமைச்சரான என்.டி.ராமாராவ், அடுத்த மாதமே ஓய்வு வயதை 58இலிருந்து 55 ஆகக் குறைத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1985இல் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பானது. 55 தாண்டியவர்களுக்கு வேலை எதற்கு என்று முடிவெடுத்தபோது என்.டி.ஆருக்கு வயது 59. புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆக, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றால் கிழவர், அந்தப் பக்கம் நின்றால் அனுபவசாலி. முட்டிவலிக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நிலவரம்.

இதுவரை சொன்னதெல்லாம் கையில் ஓர் ஆணையோடு வேலைக்குப் போனவர்களுக்கு. கரும்பு வெட்டுகிறவர், தறி ஓட்டுகிறவர், கொத்தனார், மலையடிவாரத்தில் பூக்கட்டி விற்கிற அம்மா இவர்களெல்லாம் இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகலாம். அவர்களை எந்த வயதில் வீட்டுக்கு அனுப்புவது என்று எந்த அரசும் உத்தரவு போட்டதில்லை. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பதினெட்டு என்ற கீழ் வரம்பு இருந்ததே தவிர மேல் வரம்பு வைக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்பதா, மறதி என்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உடற்தகுதி

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காசு செலவழிக்க வேண்டாம். கே.ஜி.கண்டிகை திருத்தணி-சோளிங்கர் சாலையில் இருக்கிறது. இரண்டு முனையிலும் இலவசச் சோதனைக்கூடம் உண்டு. திருத்தணி முருகன் மலைக்கு 365 படி. நடுவில் உட்காராமல் ஏறினால் எந்தக் கம்பெனி வாசலிலும் உங்களைக் காவலுக்குப் போடலாம். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. அதையும் ஏறினால் மூட்டை தூக்கும் வேலையே தருவார்கள், ஜாக்கிரதை. சோளிங்கரில் 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. வயதானவர்கள் சிரமப்படாமல் நரசிம்மரைப் பார்க்க வேண்டும் என்று அரசுக்கும் கோயிலுக்கும் தோன்றியிருக்கிறது. அதே வயதானவர் வேலை பார்க்கும் இடத்தில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேன் ஏற்றுவது பற்றி இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கட்டத்தில் யாராவது உங்களுக்கு முன்மாதிரிகளைச் சொல்லி உற்சாகமூட்ட வருவார்கள். திருத்தணிக்காரரான ராதாகிருஷ்ணன் 63 வயதில் குடியரசுத் துணைத் தலைவரானார், 73இல் குடியரசுத் தலைவர், 78 வரை பதவியில் இருந்தார். ராஜாஜி 80 வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயது தாண்டியும் வயலில் இறங்கினார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லாம் சரி. கேட்டுக்கொள்ளுங்கள், தலையாட்டுங்கள். ராஷ்டிரபதி பவனில் நல்ல நாற்காலிகள் இருந்தன என்பதையும், பாப்பம்மாள் இறங்கியது சொந்த வயலில் என்பதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவுபசார விழா

தவிர்க்க முடியாது. மாலை, பொன்னாடை, சுவர்க்கடிகாரம், முருகன் படம், "அய்யாவின் பணி ஓய்வுக்காலம் சிறக்க" என்று முடியும் ஒன்பது பேச்சு, பிரியாணி. ஆசிரியராக இருந்தால் உங்களுக்கு ஒரு சலுகை: கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயது வந்தால், பிள்ளைகள் படிப்பு கெடாமல் இருக்க ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. மற்றவர்கள் அன்று மாலையே வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

ஒரே ஒரு யோசனை. பொன்னாடை போட நினைப்பவர்களிடம் ஒரு வாரம் முன்பே ஆள் விட்டுச் சொல்லிவிடுங்கள்: ஒரு ஸ்வெட்டர், ஒரு டார்ச் லைட், ஒரு பிளாஸ்க். மார்கழியில் இரவுப் பணிக்கு நிற்கும்போது பொன்னாடையைப் போர்த்தினால் சரிகை குத்தும்.

காசு கணக்கு

இதை வேகமாகப் பார்த்துவிடலாம். பார்ப்பதற்கு அதிகம் இல்லை. தமிழ்நாட்டு அரசில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று சொல்லி, பங்களிப்புத் திட்டத்தில் போட்டார்கள். தனியார் கம்பெனியில் பி.எஃப். பிடித்திருந்தால் 58இல் பென்ஷன் வரும். அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். இரண்டு டீ குடித்துவிட்டு மிச்சத்தைச் சேமிக்கலாம். ஆதரவற்ற முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகை 1962இல் 20 ரூபாயில் தொடங்கி, 2023இல் 1,200 ஆகியிருக்கிறது. அதற்கு மனு கொடுத்தால் மகன் இருக்கிறானா என்று கேட்பார்கள். இருக்கிறான் என்று சொல்வதா, இருந்தும் என்ன என்று சொல்வதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

வேலை தேடுதல்

அறுபது தாண்டியவர்கள் கண்ணியத்தோடு மறுபடி வேலை பெறுவதற்கென்றே மத்திய அரசு 2021 அக்டோபர் 1 அன்று, உலக முதியோர் தினத்தில், ஓர் இணையதளம் திறந்தது. பெயரைப் பதிந்து, படிப்பையும் அனுபவத்தையும் கணினியில் ஏற்ற வேண்டும். உங்களிடம் இருப்பது பட்டன் போன். பேரனிடம் இருப்பதில் ஏற்றலாம் என்றால், அவன் விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போனவன், ஓ.டி.பி. வரும் நேரத்தில் ஷிப்டில் இருப்பான்.

எனவே பழைய வழியே நல்லது. டீக்கடைக்குப் போய், செக்யூரிட்டி ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் வரும் நேரத்தில் உட்காருங்கள். முந்தின நாளே தலைக்கு டை அடித்துவிடுங்கள். மீசையை மறக்க வேண்டாம், பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். நேர்காணல் இப்படிப் போகும்:

"வயசு?"

"அம்பத்தஞ்சு சார்."

"ஆதார்ல அறுபத்தி மூணு போட்டிருக்கே?"

"அது அவங்களா போட்டது சார்."

"நைட்டு தூங்குவியா?"

"வீட்லயே தூக்கம் வர்றதில்ல சார்."

வேலை கிடைத்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஏழு நாள். யூனிபார்முக்கு முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சட்டை முன்பு இன்னொரு தாத்தாவுடையது. அவர் என்ன ஆனார் என்று கேட்க வேண்டாம்.

வீட்டில் சொல்வது இதைவிடக் கடினம். "இந்த வயசுல உன்ன வாட்ச்மேன் வேலைக்கு அனுப்பிச்சா ஊரு என்னைக் காறித் துப்பாதா நைனா?" என்று மகன் கேட்பான். உண்மையாகவே கேட்பான். வண்டிக்கு இ.எம்.ஐ., பேத்திக்கு ஸ்கூல் பீஸ் எல்லாம் அவன் தலையில் இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் நீங்கள் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: "காசுக்கா போறேன்? பொழுது போவல." இதோடு, "சும்மா உக்காந்தா கால் வீங்குதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றும் சேர்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் கால் வீங்கும் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். முதல் மாதச் சம்பளத்தை மருமகளிடம் கொடுங்கள், மகனிடம் வேண்டாம். அவன் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் வாசலுக்குப் போய் நிற்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெண்களுக்குத் தனியாக எழுத நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்ன வேலை செய்வது என்று இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும் ஒருவரிடம் நானாகப் போய் யோசனை சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை.

முதலாளிகள் கவனத்துக்கு

உங்கள் நிறுவனம் மூத்த ஊழியர்களுக்கு ஆதரவானது என்று காட்டிக்கொள்ள எளிய வழிகள் உண்டு. அக்டோபர் 1 அன்று ஒரு கேக் வெட்டி, இருப்பதிலேயே அதிகம் நரைத்தவர் வாயில் ஊட்டிப் போட்டோ எடுங்கள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் ஒழுங்கு வேண்டும். ஆளெடுக்கும்போது "அய்யா". வேலை சொல்லும்போது "தாத்தா". அட்வான்ஸ் கேட்டால் "யோவ் பெருசு". உங்கள் சூப்பர்வைசருக்கு வயது இருபத்தாறு, அவரைத் தாத்தா "சார்" என்று கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே தெளிவாக்கிவிடுங்கள்.

அடுத்து நாற்காலி. இதுதான் முக்கியம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும், பெரும்பாலும் ஒரு கை உடைந்தது. அதை எடுத்துவிடுங்கள். நாற்காலி இருந்தால் உட்காருவார், உட்கார்ந்தால் தூங்குவார், தூங்கினால் திருடன் வருவான். இந்த மூன்றையும் தடுக்கக் கேமராவும் வைத்து, படுக்கையில் இருந்தபடியே போனில் பாருங்கள். பார்த்துக்கொண்டே நீங்கள் தூங்கிவிட்டால் பரவாயில்லை.

இதில் ஒரு சின்னத் தொந்தரவு. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஊழியர் எல்லாருக்கும் உட்கார இடம் வைக்க வேண்டும், நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது என்கிறது. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலையிலிருந்து இரவு வரை நின்ற பெண்களை நினைத்து வந்த திருத்தம். கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை வெளிநாட்டுக்காரர்களிடம் விளக்குவது கஷ்டம்தான். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டால் ஒரு ஸ்டூலைக் காட்டலாம். அதன் மேல் வாட்டர் கேன் இருந்தால் முதலில் அதை இறக்கிவிடுங்கள்.

வெளிநாடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை இருக்கிறது. பத்து வருடம் கழித்து நம் ஆட்களுக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, 2007இல் ஒரு பிரிவில் சராசரி வயது 47 வருகிறபடி ஆட்களைப் போட்டுப் பார்த்தார்கள். 47ஐ அங்கே முதுமை என்கிறார்கள். சிரிக்காமல் மேலே படியுங்கள். என்ன வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களையே கேட்டார்கள். கான்கிரீட் தரை மீது மரத்தளம். உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி. சின்னப் பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி. உயரத்தை மாற்றிக்கொள்ளும் மேசை, பெரிய எழுத்தில் கணினித் திரை. இப்படிச் சுமார் எழுபது சில்லறை மாற்றம், மொத்தச் செலவு ஏறக்குறைய 40,000 யூரோ. ஒரு வருடத்தில் அந்தப் பிரிவின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் கூடியது. கார் கம்பெனிக்கு அது காப்பிச் செலவு. உங்கள் வாசலுக்கு ஆகிற செலவு, இரண்டு கையும் உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் விலை.

ஜப்பானில் 2021 ஏப்ரலிலிருந்து, ஊழியர்களுக்கு 70 வயது வரை வேலை கிடைக்க நிறுவனங்கள் முயற்சி எடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கே.ஜி.கண்டிகையில் எந்த முயற்சியும் இல்லாமலே 70 வரை வேலை கிடைக்கிறது. இந்த விஷயத்தில் நாம் முன்னோடிகள்.

கேலியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். வயதான ஆளுக்குத் தகுந்தபடி வேலையை மாற்றிக் கொடுக்கும் வித்தை இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கம் எந்த நெசவு வீட்டுக்குள்ளும் போய்ப் பாருங்கள். கண் நன்றாக இருக்கும்வரை தறி. அறுந்த இழை கண்ணுக்குத் தெரியவில்லை என்றானதும் பெரியவரைத் தறியிலிருந்து எழுப்பி, ராட்டை முன்னால் உட்காரவைத்து, தார் சுற்றக் கொடுப்பார்கள். பாட்டிக்கும் அதே வேலை. உட்கார்ந்து செய்யலாம், களைத்தால் கையை நிறுத்தலாம், பேரனை அதட்டிக்கொண்டும் செய்யலாம். அவர் சுற்றித் தராவிட்டால் மகனுடைய தறி நிற்கும் என்பதால் வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பும் இருக்கும். எந்தக் கம்பெனி மேனேஜரும் வந்து கற்றுத்தரவில்லை. குறை ஒன்றுதான்: தறிக்குக் கூலி உண்டு, வீட்டுக்குள் தார் சுற்றுவதற்குத் தனியாக யாரும் எண்ணித் தருவதில்லை. அந்தக் கூலியையும் சேர்த்துவிட்டால் ஜெர்மனிக்காரன் இங்கே வந்து படித்துக்கொண்டு போகலாம். விசைத்தறிக் கொட்டகையில் அதுவும் போயிற்று. தார் சுற்றவும் மிஷின் வந்துவிட்டது. அங்கே எழுந்த பெரியவர்தான் இங்கே உங்கள் வாசலில் நிற்கிறார்.

உயிரோடு இருத்தல்

கடைசியாக ஒரு நிர்வாகக் குறிப்பு. அந்த 1,000 ரூபாய் பென்ஷன் தொடர்ந்து வர வேண்டுமானால், வருடத்துக்கு ஒரு முறை நீங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். 2014 நவம்பரிலிருந்து இதை மின்னணு முறையில் செய்யலாம். கருவியில் விரலை வைத்தால் போதும் என்றார்கள். நாற்பது வருடம் நூலும் சிமென்டும் கரும்புச் சோகையும் பட்ட விரலில் ரேகையைத் தேடிக் களைத்து, கருவி "பொருந்தவில்லை" என்று சொல்லும். ரேஷன் கடையிலும் இதே கதைதான். 70 தாண்டியவர்களுக்கு 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரத் தொடங்கியது. நீங்கள் அந்த நேரத்தில் வேலைக்குப் போயிருப்பீர்கள். வீட்டில் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.

விரல் ஒத்துவராதவர்களுக்காக 2021இல் முகத்தைக் காட்டும் முறை வந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்து, வெளிச்சம் படும்படி நின்று, கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால்தான் படம் இல்லை, ஆள் என்று நம்பும். இரவுப் பணி முடித்து நேராக வந்து இதைச் செய்யாதீர்கள். மூடிய கண் திறக்காது. போன் காத்திருந்து பார்த்துவிட்டு அணைந்துவிடும். ஒரு தூக்கம் போட்டு, மூன்று மணி வாக்கில் எழுந்து முகம் கழுவி, மருமகளைப் போன் பிடிக்கச் சொல்லுங்கள். ஆறு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. எட்டுக்கு ஷிப்டு.